வாசகர் கேள்வி-பதில்: பள்ளியில் செய்கிறான், வீட்டில் செய்வதில்லை

கேள்வி: என் மகனுக்கு 16 வயது, லேசான அறிவுத்திறன் குறைபாடு. சிறப்புக் கல்விப் பள்ளியின் உணவகப் பயிற்சியில் மேசை துடைப்பது, தட்டு அடுக்குவது எல்லாம் நன்றாகச் செய்கிறானாம். வீட்டில் ஒரு தட்டைக்கூட எடுத்து வைப்பதில்லை. இவன் வேலைக்குப் போக முடியுமா?
– ஒரு தாய், ஈசூன்

பதில்: முடியும் அம்மா. இது சோம்பேறித்தனம் இல்லை. ஓரிடத்தில் கற்றதை இன்னோர் இடத்தில் செய்வதுதான் இப்பிள்ளைகளுக்குச் சிரமம். பள்ளியில் படிப்படியாகப் படம் ஒட்டியிருப்பார்கள். அதே படங்களை ஆசிரியரிடம் கேட்டு வாங்கி உங்கள் சமையலறையிலும் ஒட்டுங்கள்.

ஒரே ஒரு வேலையில் தொடங்குங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மேசையைச் சுத்தம் செய்வது என்று வைத்துக்கொள்வோம். மிச்சத்தைக் குப்பையில் தட்டுவது, தட்டைத் தொட்டியில் வைப்பது, துணியை நனைத்துப் பிழிவது, எதிர் விளிம்பிலிருந்து தன் பக்கமாகத் துடைப்பது, துணியை அலசிக் காயப்போடுவது என ஐந்து படிகள். முதல் நான்கையும் நீங்கள் செய்துவிட்டு, கடைசிப் படியை மட்டும் அவனிடம் விடுங்கள். அது தானாக வந்ததும் கடைசி இரண்டு, பிறகு மூன்று. எந்த நாளிலும் வேலையை முடித்து வைப்பவன் அவன்தான். அந்தத் திருப்தி அடுத்த நாளும் அவனைச் செய்யவைக்கும்.

பலர் கெடுத்துக்கொள்வது பேச்சால்தான். பக்கத்தில் நின்று “ம், அடுத்து துணியை எடு” என்று சொல்லிக்கொண்டே இருந்தால், அந்தக் குரலுக்காகவே காத்து நிற்கப் பழகிவிடுவான். வேலையிடத்தில் அந்தக் குரல் இருக்காது. சொல்லாதீர்கள், படத்தைக் காட்டுங்கள். பிறகு அதையும் விட்டு ஓரடி தள்ளி நின்று, மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். பெற்றோருக்கு இதுதான் கடினம், ஆனால் பலன் இதில்தான்.

பேருந்துப் பயணமும் அப்படித்தான். முதலில் பக்கத்தில் அமருங்கள், பிறகு பின் இருக்கையில், கடைசியில் இறங்கும் நிறுத்தத்தில் காத்திருங்கள். காலை நெரிசலிலும் பழக்குங்கள். நிறுத்தத்தைத் தவறவிட்டால் யாரிடம் எந்த அட்டையைக் காட்டுவது என்பதையும் நடித்துப் பழகட்டும்.

டெல்டா சீனியர் பள்ளி, மெத்தா பள்ளி போன்றவற்றில் சான்றிதழுடன் தொழிற்பயிற்சி உண்டு. குறைபாடு உள்ளவர்களுக்கு உதவும் சிங்கப்பூர் அமைப்பான எஸ்ஜி எனேபல், கல்வி அமைச்சுடன் சேர்ந்து நடத்தும் பள்ளியிலிருந்து வேலைக்கு மாறும் திட்டம் 2014இல் தொடங்கியது. அதில் பணிப் பயிற்றுநர் ஒருவர் வேலையிடத்துக்கே வந்து கற்றுக்கொடுப்பார். மகனை அதில் சேர்க்க முடியுமா என்று கடைசி ஆண்டுக்கு முன்பே பள்ளியிடம் கேளுங்கள்.

கேள்வி: அறிவுத்திறன் குறைபாடுள்ள எங்கள் மகளுக்கு 21 வயதானதும் அவளுக்காக நாங்கள் கையெழுத்துப் போட முடியாதா?
– ஒரு தந்தை, பிடோக்

பதில்: 21க்குப் பிறகு அந்த அதிகாரம் பெற்றோருக்குத் தானாக வராது. குறைபாடு இருப்பதாலேயே முடிவெடுக்கும் திறன் இல்லை என்று மனத்திறன் சட்டம் கருதுவதும் இல்லை. ஒவ்வொரு முடிவையும் தனித்தனியாகவே பார்க்கும். தன் சம்பளத்தைச் செலவழிக்கத் தெரிந்தவருக்கு வீட்டை விற்கும் முடிவு எட்டாமல் போகலாம். அப்படித் தேவைப்பட்டால் மருத்துவர் அறிக்கையுடன் குடும்ப நீதிமன்றத்தில் விண்ணப்பித்து, மகள் சார்பில் முடிவெடுக்கும் பொறுப்பைப் பெறலாம். சிறப்புக் கல்விப் பள்ளி மாணவர்களின் பெற்றோருக்கு இதற்கென்றே உதவித் திட்டம் உண்டு. மகள் பள்ளியை விடுவதற்குள் விசாரித்துவிடுங்கள்.