புதுப்பிப்போடு ஒட்டிக்கொண்டு வரும் வேண்டாத மென்பொருள்கள்

கேள்வி: எங்கள் அச்சகத்துக் கணினியில் பி.டி.எஃப். கோப்புகளைத் திறக்கும் இலவச மென்பொருளுக்குப் புதுப்பிப்பு வந்திருப்பதாக அறிவிப்பு வந்தது. ‘அடுத்து’, ‘அடுத்து’ என்று அழுத்தி முடித்தேன். மறுநாள் கணினியைத் திறந்தால், நான் கேட்காத வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒன்று சந்தா கட்டச் சொல்கிறது. உலாவியின் முகப்புப் பக்கமும் மாறியிருக்கிறது. இனி எந்தப் புதுப்பிப்பையும் ஏற்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். சரிதானே? — வாசகர், சிவகாசி

பதில்: உங்கள் கோபம் முற்றிலும் நியாயமானது, ஆனால் அந்த முடிவு உங்கள் கணினிக்குத்தான் ஆபத்து. புதுப்பிப்புகளில் பெரும்பாலானவை பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பவை. அவற்றைத் தவிர்த்தால், ஏற்கெனவே ஊரறிந்த ஓட்டை உங்கள் கணினியில் மட்டும் திறந்தே கிடக்கும்.

இந்த வழக்கம் பணத்துக்காக வளர்ந்தது. இலவச மென்பொருளோடு தன் மென்பொருளையும் சேர்த்து அனுப்புவதற்கு இன்னொரு நிறுவனம் பணம் தருகிறது. எனவேதான், ‘இதையும் சேர்த்து நிறுவு’ என்று கேட்கும் பெட்டியில் முன்கூட்டியே டிக் போட்டு வைக்கிறார்கள்.

இணையப் பக்கங்களில் சில நிரல்களை இயக்க உதவிய ஜாவா என்ற மென்பொருளின் கதை இதற்குச் சரியான உதாரணம். 2013 ஜனவரியில் ஜாவாவில் மோசமான பாதுகாப்பு ஓட்டை ஒன்று வெளியாகி, உலாவிகளில் ஜாவாவை முடக்கிவைக்கும்படி அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையே அறிவுறுத்த, ஜாவாவை வெளியிடும் ஆரக்கிள் நிறுவனம் அவசரமாகத் திருத்தம் வெளியிட்டது. அந்தக் காலத்தில் ஜாவா புதுப்பிப்போடு ‘ஆஸ்க் டூல்பார்’ என்ற தேடல் பட்டையும் டிக் போட்டபடியே வந்துகொண்டிருந்தது. அதைவிடக் கொடுமை, ஜாவா நிறுவி முடிந்த பிறகும் அந்தப் பட்டை உடனே நிறுவப்படாமல் 10 நிமிடம் காத்திருந்ததை ஆய்வாளர் பென் எடல்மன் அதே மாதம் வெளிப்படுத்தினார். தவறை உணர்ந்து உடனே நீக்கப் போனவருக்கு, நிரல் பட்டியலில் நீக்குவதற்கு ஒன்றும் தென்படாது. இதைக் கவனக்குறைவு என்று என்னால் ஏற்க முடியாது. திட்டமிட்ட ஒளிப்பு என்றே சொல்வேன்.

2008 மார்ச்சில் ஆப்பிளும், தன் இசை மென்பொருளான ஐடியூன்ஸை வைத்திருந்த விண்டோஸ் பயனர்களுக்குப் புதுப்பிப்புச் சாளரம் வழியாகவே சஃபாரி உலாவியை டிக் போட்டு அனுப்பியது. இது புதுப்பிப்புகளின் மீது மக்கள் வைத்துள்ள நம்பிக்கையைக் குலைக்கும் என்று ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைத் தயாரிக்கும் மோசில்லாவின் அன்றைய தலைமை நிர்வாகி ஜான் லில்லி கண்டித்தார். அடுத்த மாதமே ஆப்பிள் புதிய மென்பொருள்களைத் தனிப் பிரிவாகப் பிரித்துக் காட்டியது. லில்லி அஞ்சியது எதுவோ, அதுவே உங்கள் கேள்வியில் நடந்திருக்கிறது.

இப்போது செய்ய வேண்டியது: விண்டோஸ் செட்டிங்ஸில் செயலிகளின் பட்டியலை நிறுவிய தேதிப்படி வரிசைப்படுத்துங்கள், அன்று புதிதாக ஏறியவை மேலே வரும், நீங்கள் கேட்காதவற்றை நீக்குங்கள். வேறொரு வைரஸ் தடுப்பு மென்பொருள் வந்தால் விண்டோஸின் சொந்த டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்ளும் என்பதால், வந்ததை நீக்கிய பின் டிஃபெண்டர் மீண்டும் இயங்குகிறதா என்று பாருங்கள். உலாவியில் முகப்புப் பக்கத்தோடு தேடுபொறியையும் நீட்சிகளையும் (உலாவியில் கூடுதலாகச் சேர்க்கப்படும் எக்ஸ்டென்ஷன்கள்) சரிபார்ப்பது அவசியம். வெறுமனே பி.டி.எஃப். படிப்பதற்கு உலாவியே போதும். அச்சுக்கு முந்தைய வேலைகளுக்குத் தனி மென்பொருள் வேண்டுமென்றால், அதைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்கி, ‘கஸ்டம்’ வழியைத் தேர்ந்து ஒவ்வொரு திரையையும் படித்து நிறுவுங்கள்.

கேள்வி: டிக்கை எடுக்காதது நம் தவறுதானே? நிறுவனத்தைக் குறை சொல்வது நியாயமா? — வாசகி, திருநெல்வேலி

பதில்: நியாயமே. வேண்டும் என்று ஒருவர் தானாகச் சொன்னால்தான் அது சம்மதம். மறுக்க மறந்ததைச் சம்மதமாகக் கணக்கிட முடியாது. இணையதளங்கள் நம் கணினியில் சேமித்துவைக்கும் குக்கீ என்ற சிறு பதிவுகள் குறித்த வழக்கில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 அக்டோபரில் இதையே தீர்ப்பாகச் சொன்னது. இந்தியாவிலும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறைகள், இணையத்தில் பொருள் வாங்கும்போது நாம் கேட்காததைக் கூடையில் சேர்ப்பதை ஏமாற்று உத்திகளில் ஒன்றாக வரையறுத்துள்ளன. மென்பொருள் நிறுவலுக்கும் அதே அளவுகோல் பொருந்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இப்படி வந்த மென்பொருளுக்காக உங்கள் கணக்கிலிருந்து பணமும் பிடிக்கப்பட்டிருந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யுங்கள்.