நாணயப் படங்களைத் திருத்துதல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாயைப் படமெடுத்து, கிம்ப் மென்பொருளில் வட்டமாக வெட்டுகிறேன். ஒரு பக்கம் நாணயத்தின் விளிம்பு போய்விடுகிறது; மறுபக்கம் மேசைத்துணி எட்டிப் பார்க்கிறது. என்ன தவறு?

பதில்: தவறு பெரும்பாலும் கேமராவில்தான் இருக்கும். நாணயத்தின் அகலத்தையும் உயரத்தையும் பிக்சலில் அளந்து பாருங்கள். அகலம் 1500 பிக்சலும் உயரம் 1440 பிக்சலும் இருந்தால், கேமரா ஏறத்தாழ 16 டிகிரி சாய்ந்திருந்தது என்று பொருள். படத்தை இழுத்து வட்டமாக்குவதைவிட மறுபடி எடுப்பதே மேல். நாணயம் வைக்கும் இடத்தில் ஒரு சிறு கண்ணாடியை வைத்து, லென்ஸின் பிம்பம் திரையின் நட்டநடுவில் விழும்வரை கேமராவைச் சரிசெய்தால் சாய்வு நீங்கிவிடும்.

பிறகு கிம்பில் நீள்வட்டத் தேர்வுக் கருவியை எடுத்து, அகல-உயர விகிதத்தை 1:1 என நிலைநிறுத்தி, நடுவிலிருந்து விரியும்படி வரையுங்கள். தேர்வை 2 பிக்சல் சுருக்கி, ஓரத்தை 1 பிக்சல் மட்டும் மென்மையாக்கினால், பின்னணியின் நிறம் விளிம்பில் ஒட்டிக்கொண்டு நிற்காது. எழுத்து நேராக நிற்கும்படி படத்தைத் திருப்பும் வேலையை இதற்கு முன்பே, ஒரே தடவையில் முடித்துவிட வேண்டும். ஒவ்வொரு திருப்பலிலும் நுண்விவரம் சற்றே மங்கும்.

கேள்வி: 1835ஆம் ஆண்டுக் கம்பெனி கால் அணாவுக்குத் தானியங்கி நிறத்திருத்தம் கொடுத்தால் செம்பு நீலம் பாய்ந்து தெரிகிறதே?

பதில்: படம் முழுவதும் செம்பாக இருப்பதால், அந்தச் செம்மையை விளக்கொளியின் குற்றமென்று எண்ணி மென்பொருள் அதைக் கழித்துவிடுகிறது. நாணயத்தின் அருகே சாம்பல்நிற அட்டை ஒன்றை வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டு, லெவல்ஸ் கருவியின் சாம்பல் துளிப்பானால் அந்த அட்டையைத் தொட்டு, கிடைக்கும் அளவுகளையே அதே விளக்கில் எடுத்த மற்றப் படங்களுக்கும் கொடுங்கள்.

கேள்வி: சங்ககாலப் பாண்டியரின் சதுரச் செப்புக்காசுகளையும் ஒரே சீராக வெட்டலாமா?

பதில்: கூடாது. யானை ஒருபுறமும் மீன் கோட்டுருவம் மறுபுறமும் உள்ள அக்காசுகளில் மூலை மழுங்கியிருப்பதும், ஓரம் சிதைந்திருப்பதும், முத்திரை ஒதுங்கி விழுந்திருப்பதும் ஆய்வாளருக்குத் தேவையான தடயங்கள். பாதைக் கருவியால் ஓரத்தை ஒட்டிப் புள்ளி புள்ளியாக வரையுங்கள். பொறுமை இல்லாத நாளில் பின்னணியை அப்படியே விட்டுவிடுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

கேள்வி: கீறலை அழிக்கலாமா? கூர்மையைக் கூட்டலாமா?

பதில்: கீறலைத் தொடாதீர்கள். விற்பனைக்கு வைக்கும் படமென்றால் அது வாங்குபவரை ஏமாற்றுவதாகும். கூர்மையை மிகச் சிறிதளவே கூட்டலாம். மிஞ்சினால் எழுத்துகளைச் சுற்றி வெள்ளைக் கோடு படர்ந்து, தேய்ந்த மன்னர் தலையில்கூட இல்லாத மயிரிழைகள் முளைத்துவிடும். தொடக்கத்தில் நானும் அப்படி முளைக்க வைத்த படங்கள் இன்னும் என் வன்தட்டில் கிடக்கின்றன.

கேள்வி: பட்டியலில் நாணயத்தை அசல் அளவில் அச்சிட எத்தனை பிக்சல் வேண்டும்?

பதில்: விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, 25.4ஆல் வகுத்து அங்குலமாக்கி, அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில் 300ஆல் பெருக்குங்கள். 30.5 மி.மீ. விட்டமுள்ள வெள்ளி ரூபாய்க்கு 360 பிக்சல் வரும். இருபுறப் படங்களும் ஒரே அளவில் இருக்கட்டும். இரண்டையும் நிமிர்த்தி வைத்துவிட்டால் அச்சுத்திசை, அதாவது முன்புறத்தோடு ஒப்பிடும்போது பின்புறம் எந்தத் திசையில் நிமிர்ந்திருக்கிறது என்பது, படத்தில் தெரியாது. ஆகவே பின்புறம் 12 மணித் திசையிலா, 6 மணித் திசையிலா என்பதைக் கீழே எழுதிவிடுங்கள்.