ஒகேனக்கல் பயணமும் ஆறு நிமிட ஆசையும்

கேள்வி: மழை நாளில் குடும்பத்தோடு கிருஷ்ணகிரியிலிருந்து ஒகேனக்கல் கிளம்பினோம். பாலக்கோடு தாண்டியதும் ‘ஆறு நிமிடம் மிச்சம்’ என்று போன் ஒரு கிளைச் சாலையைக் காட்டியது. கொஞ்ச தூரத்தில் தார் முடிந்து மண் ரோடு. அதற்கப்புறம் தண்ணீர் ஓடும் தரைப்பாலம். திருப்ப இடமில்லாமல் ரிவர்ஸிலேயே வெளியே வந்தோம். மழையில் சாட்டிலைட் சிக்னல் கெட்டுவிடுமா? தனியாக ஜிபிஎஸ் கருவி வாங்கலாமா? தினமும் பைக்கில் வேலைக்குப் போகவும் இதே போனில்தான் வழி பார்க்கிறேன், அப்போது பிரச்சினை வந்ததே இல்லை.

பதில்: கருவி வாங்க வேண்டாம். கடைசியில் போகிற போக்கில் பைக் என்று ஒரு வார்த்தை சொன்னீர்களே, எனக்கு அதில்தான் சந்தேகம்.

முதலில் மழையைப் பார்ப்போம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. நான்கின் சிக்னல் கிடைத்தால் போதும், போன் தன் இடத்தைக் கணக்கிட்டுவிடும். இந்த சிக்னலின் அலைநீளம் ஏறக்குறைய 19 சென்டிமீட்டர். சில மில்லிமீட்டர் அளவுள்ள மழைத்துளி அதை ஒன்றும் செய்யாது. வீட்டு டிஷ் டிவி மழையில் நின்றுபோவதைப் பார்த்து நாம் குழம்புகிறோம். டிஷ் பிடிக்கும் அலையின் நீளம் இரண்டு, மூன்று சென்டிமீட்டர்தான், அதனால் பெருமழை அதைத் தடுக்கிறது. ஜிபிஎஸ்ஸுக்குத் தொல்லை தருபவை மலைச்சரிவும் நனைந்த அடர்ந்த மரங்களும். அவை இருந்தால் நீலப்புள்ளி கொஞ்சம் தள்ளி நிற்கும், பக்கத்து ரோட்டுக்குக் குதிக்கும். ஆனால் யாரையும் தரைப்பாலம் வரை இழுத்துப் போகாது.

நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைத்தான் சாட்டிலைட் சொல்லும். எந்த வழியில் போக வேண்டும் என்பதை முடிவு செய்வது போனில் இருக்கும் வரைபடச் செயலி. கோளாறு அங்கேதான். இந்தியாவில் பலரும் பயன்படுத்தும் செயலிகளில் இருசக்கர வாகனத்துக்கென்று தனி அமைப்பு உண்டு. கார் நுழைய முடியாத சந்து, ஏரிக்கரை, வயல் ஓரப் பாதை எல்லாம் அதில் வழியாகக் கணக்காகும். தினமும் பைக்குக்கு வைத்திருந்த அமைப்பு அன்றைக்கும் அப்படியே இருந்திருக்கும். இப்போதே போனை எடுத்து, மேலே வரிசையாக இருக்கும் படங்களில் எது தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள்.

கார் படம்தான் தேர்வாகியிருந்தது என்றாலும் அந்த ஆறு நிமிடத்தை நம்ப முடியாது. வண்டிகள் அதிகம் ஓடாத ரோட்டில் நிஜமான வேகம் செயலிக்குத் தெரியாது, ஒரு வேகத்தை வைத்துக்கொண்டு கணக்குப் போடும். போன வாரம் பெய்த மழையில் மண் ரோடு சேறானதும் அதற்குத் தெரியாது. மழைக்காலத்தில் பத்து நிமிடத்துக்குக் குறைவான மிச்சத்துக்கு நான் மெயின் ரோட்டை விட்டு இறங்குவதே இல்லை. கிருஷ்ணகிரியிலிருந்து நெடுஞ்சாலையில் தருமபுரி, அங்கிருந்து பென்னாகரம், அப்புறம் ஒகேனக்கல். மொத்தம் சுமார் 90 கிலோமீட்டர், வழி நெடுக பஸ் ஓடும் ரோடு.

மைல்கல்லையும் பார்க்கப் பழகுங்கள். தலையில் மஞ்சள் இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை இருந்தால் மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு இருந்தால் கிராமச் சாலை. ஒகேனக்கல் போகிற வண்டி ஆரஞ்சு கல்லைப் பார்த்தால் ஓரமாக நிறுத்தி ஒருமுறை யோசிக்க வேண்டும்.

வழி கேட்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. டீக்கடையில் “இந்த வழி போகுமாண்ணா?” என்று கேட்டால் “தாராளமா போலாம்” என்பார்கள். அவர்கள் போவது டிவிஎஸ் எக்ஸெல்லில். “இதுல டவுன் பஸ் போகுதா?” என்று கேளுங்கள். பஸ் போனால் உங்கள் காரும் போகும்.

பென்னாகரம் தாண்டிக் காட்டுக்குள் இறங்கும்போது டவர் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். ஜிபிஎஸ்ஸுக்கு டவர் தேவையில்லை, வரைபடத்துக்குத்தான் தேவை. அதனால் இரண்டு மாவட்டத்தின் வரைபடத்தையும் வீட்டில் வைஃபையிலேயே இறக்கி வையுங்கள். ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் அடிக்கும்போதும் கவனம்: ஒரு எழுத்து மாறினால் பாலக்கோடு பாலக்காடாகிவிடும், தெலங்கானாவில் கோதாவரிக் கரையிலும் ஒரு தர்மபுரி இருக்கிறது. அஞ்செட்டி வழியாகக் காட்டினால் பகலில் மட்டும் போங்கள், அது யானை நடமாடும் காடு.

தரைப்பாலத்தில் நீங்கள் ரிவர்ஸ் எடுத்தது சரியான முடிவு. ஒரு அடி ஆழத்துக்கு வேகமாக ஓடும் தண்ணீர் சின்ன காரை நகர்த்திவிடும். தண்ணீருக்கு அடியில் ரோடு இருக்கிறதா, அரித்துப் போய்விட்டதா என்பதும் மேலே நின்று பார்த்தால் தெரியாது.

கிளம்பும் முன் இன்னொன்றும் பாருங்கள். நம் ஊரில் வெயில் அடித்தாலும், குடகிலும் வயநாட்டிலும் மழை கொட்டினால் கர்நாடகத்தின் கிருஷ்ணராஜ சாகர், கபினி அணைகளில் தண்ணீரைத் திறப்பார்கள். அது காவிரியில் தமிழக எல்லையில் இருக்கும் பிலிகுண்டுலு வழியாக ஒகேனக்கல் வந்து சேரும். நீர்வரத்து ஏறினால் பரிசலுக்கும் குளிக்கவும் தடை போடுவார்கள். காலைச் செய்தியிலேயே எத்தனை கன அடி என்று வந்துவிடும். தடை இருந்தால் அவ்வளவு தூரம் போய் ஏமாற வேண்டாம். பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா நினைவிடத்தைப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் தூங்கி விழுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம்.