டாய் ஹாலரில் கனமான வண்டி ஏற்றலாமா? வாசகர் கேள்விகள்

கே: எங்கள் டாய் ஹாலரின் (பின்பக்கம் வண்டி ஏற்றவும் உள்ளே தங்கவும் இடமுள்ள டிரெய்லர்) ராம்ப் கதவு, அதாவது கீழே இறக்கினால் வண்டி ஏறும் சரிவாகும் பின்கதவு, 3,000 பவுண்டு தாங்கும் என்று ஸ்டிக்கர் சொல்கிறது. எங்கள் சைடு-பை-சைடு வண்டி (பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டும் கரடுமுரடுப் பாதை வண்டி) 2,000 பவுண்டு. பயமில்லாமல் ஏற்றலாமா?

ப: ஏற்றலாம், ஆனால் அந்த 2,000 பெரும்பாலும் பெட்ரோல்கூட இல்லாத வெறும் வண்டியின் எடை. பெட்ரோல், கூரை, வின்ச், ஸ்பேர் டயர், ஓட்டிக்கொண்டு ஏறும் நீங்கள் எல்லாம் சேர்ந்துதான் ராம்ப்பில் ஏறுகிறது. டிரக் ஸ்டாப் எடைமேடையில் ஒருமுறை நிறுத்திப் பார்த்துவிடுங்கள். ராம்ப் தாங்கினாலும் டிரெய்லர் தாங்க வேண்டும். 100 கேலன் தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருந்தால் அதுவே 830 பவுண்டு.

கே: ஜீப் ராங்ளர்?

ப: வேண்டாம். 4,000 பவுண்டை ஒட்டியது அது. அதற்குத் தனி பிளாட்பெட் (திறந்த, தட்டையான டிரெய்லர்) எடுங்கள்.

கே: வண்டி ராம்ப்பில் ஏறியதும் டிரெய்லரின் முன்பக்கம் தூக்கிக்கொண்டது. ஏன்?

ப: டிரெய்லரைப் பிக்கப்பிலிருந்து கழற்றிவிட்டு ஏற்றியிருப்பீர்கள். அச்சுக்குப் பின்னால் பாரம் விழும்போது டிரெய்லர் சீசா பலகை போல ஆகிவிடும். பின்பக்கம் அமுங்க, முன்பக்கம் எழும். உள்ளே இருப்பவருக்கு இது உயிராபத்து. பிக்கப்போடு மாட்டியே வைத்திருங்கள், ஹேண்ட் பிரேக் போடுங்கள், டிரெய்லர் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஸ்டெபிலைசர் ஜாக் (டிரெய்லருக்கு அடியில் முட்டுக்கொடுக்கும் கால்) ஆட்டத்தைக் குறைக்கத்தான், அதை நம்பிக் கழற்றாதீர்கள். அப்புறம், ஏற்றி முடித்ததும் ஹிட்ச்மேல் (பிக்கப்பில் டிரெய்லரை மாட்டும் இணைப்பு) விழும் எடையைப் பாருங்கள். பம்பரில் மாட்டி இழுக்கும் வகையென்றால் டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் அங்கே இருக்க வேண்டும். குறைந்தால் நெடுஞ்சாலையில் டிரெய்லர் பக்கவாட்டில் ஆட ஆரம்பிக்கும்.

கே: ராம்ப்பைக் கேபிளில் தொங்கவிட்டு, பேட்டியோவாக்கி (திறந்தவெளித் திண்ணை போல) அதில் உட்காருகிறோம். அதன்மேல் வண்டியை நிறுத்தலாமா?

ப: கூடவே கூடாது. அப்போது பாரம் கேபிளில் தொங்குகிறது, அதற்கான வரம்பு வேறு. வண்டி ஏற்றும்போது ராம்ப்பின் நுனி முழு அகலத்துக்கும் தரையில் படிந்திருக்க வேண்டும்.

கே: மேலே ஏறும் இடத்தில் பைக்கின் அடிவயிறு இடிக்கிறது.

ப: 30 அங்குல உயரத்துக்கு 8 அடி ராம்ப் என்றால் சரிவு 18 டிகிரி வரும். தாழ்வான பைக்குக்கு இது அதிகம். டிரெய்லரின் பின்பக்கம் மேட்டை நோக்கி இருக்கும்படி நிறுத்துங்கள், சரிவு குறையும்.

கே: வண்டியை உள்ளே இறுக்கிக் கட்ட எந்த ஸ்ட்ராப் (பட்டை) வாங்குவது?

ப: அட்டையில் பெரிதாக இருப்பது அறுந்துபோகும் எடை. தாங்கும் எடை அதில் மூன்றில் ஒரு பங்குதான், அதைப் பார்த்து வாங்குங்கள். கிளம்பிக் கொஞ்சம் மைல் ஓடியதும் நிறுத்தி, ஒவ்வொரு ஸ்ட்ராப்பையும் இழுத்துப் பாருங்கள். வண்டியின் சஸ்பென்ஷன் அமுங்கி, கட்டு தளர்ந்திருக்கும்.