ஏழு ஸ்வரம், ஆறு தந்தி

அன்புள்ள ஐயா,

ஒரு வருடமாக கிட்டார் பழகுகிறேன். இப்போது ஜாஸ் பக்கம் வந்து ஜி 9, ஜி 13, ஈ 7 ஷார்ப் 9 என்று கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை, விரல் வைக்கும் படங்களைப் பார்த்து மனப்பாடம் செய்கிறேன். 13-க்கு ஏழு ஸ்வரம் வேண்டும் என்கிறார்கள், தந்தியே ஆறுதானே? என் விரல்களும் குட்டை. கழுத்து சன்னமான கிட்டார் வாங்கலாமா? ஒரு நாளைக்கு எத்தனை கார்டு பழகலாம்?

அன்புடன்,
ஒரு வாசகன்

அன்புள்ள நண்பருக்கு,

இருக்கும் கிட்டாரே போதும். விரலையும் குறை சொல்லாதீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டீர்களே, அதுதான் எரிச்சலாக இருக்கிறது. கார்டு என்ன மாத்திரையா, வேளைக்கு இத்தனை என்று எழுதித்தர?

அந்த ஏழு ஸ்வரக் கணக்கு எனக்கும் கொஞ்ச நாளாக மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜி 13 என்றால் ஏட்டில் ஜி, பி, டி, எஃப், ஏ, சி, ஈ. கிட்டாரில் அத்தனையும் யாரும் வாசிப்பதில்லை. டி போனால் ஒன்றும் குறையாது. சி பெரும்பாலும் பி-யோடு மோதும், விட்டுவிடுங்கள். கீழ் ஸ்வரத்தைப் பிடிக்கும் பேஸ் வாத்தியம் வாசிக்க ஆள் இருந்தால் ஜி-யும் வேண்டாம். விடவே கூடாதவை பி-யும் எஃப்-பும்; ஜி-யிலிருந்து எண்ணினால் மூன்றாவதும் ஏழாவதும். ஜி-யை சட்ஜமாக வைத்தால் அந்தர காந்தாரம், கைசிகி நிஷாதம். கார்டின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஹோட்டல் பேண்டுகளில் வாசித்த பெரியவர். ரொம்ப நாள் இரண்டே தந்திகளைத்தான் தொடவிட்டார். நான்காம் தந்தியில் மூன்றாம் ஃப்ரெட் (கழுத்தில் குறுக்குக் கம்பிகள் பிரிக்கும் கட்டம்), மூன்றாம் தந்தியில் நான்காம் ஃப்ரெட், எஃப், பி. "இது எங்க போகணும்னு கேக்குது, சொல்லு" என்பார். எஃப் ஒரு ஃப்ரெட் இறங்கி ஈ ஆகும், பி ஒரு ஃப்ரெட் ஏறி சி ஆகும். சி மேஜர் வந்துவிடும், தவிப்பு அடங்கிவிடும். அப்புறம் என்னை அதே இரண்டையும் பிடித்திருக்கச் சொல்லிவிட்டு, தன் கிட்டாரில் கீழே ஜி-க்குப் பதில் டி ஃப்ளாட் (டி-க்கு ஒரு ஃப்ரெட் கீழே) வைப்பார். என் விரல் அசையவே இல்லை, கார்டு வேறாகிவிட்டது! எனக்கு உடம்பு சிலிர்த்தது. டி ஃப்ளாட் 7-க்கும் அதே இரண்டு ஸ்வரம்தான். எது மூன்றாவது, எது ஏழாவது என்பது மட்டும் இடம் மாறுகிறது. எந்தப் படம் உங்களுக்கு இதைச் சொல்லும்?

கிட்டார் கலைஞர் ஃப்ரெடி கிரீன் 1937-இல் கவுண்ட் பேஸியின் ஜாஸ் குழுவில் சேர்ந்தார்; ஏறக்குறைய 50 வருடம் அங்கே ரிதம் கிட்டார் வாசித்தார். பெரும்பாலும் இரண்டு மூன்று ஸ்வரம்தான், பல இடங்களில் ஒன்றே ஒன்றுதான் காதில் விழும். அவ்வளவு பெரிய குழு அதன் மேல் நின்றது.

சரி, ஜி 13. ஆறாம் தந்தியில் மூன்றாம் ஃப்ரெட்டில் ஜி, நான் சொன்ன அந்த இரண்டு, இரண்டாம் தந்தியில் ஐந்தாம் ஃப்ரெட்டில் ஈ. ஐந்தாம் தந்தியும் முதல் தந்தியும் ஒலிக்கக் கூடாது. மூன்றே ஃப்ரெட் அகலம், குட்டை விரலுக்கும் எட்டும். ஆனால் எஃப், பி இரண்டும் காதில் ஏறிய பிறகுதான் ஈ-யைச் சேர்க்க வேண்டும்.

ஈ 7 ஷார்ப் 9 படத்தை மூடி வையுங்கள். அதற்குள் ஈ-க்கு மூன்றாவதும் ஏழாவதுமான ஜி ஷார்ப்பும் (ஜி-க்கு ஒரு ஃப்ரெட் மேலே) டி-யும் எந்தத் தந்திகளில் இருக்கின்றன என்று காதால் தேடிப் பிடித்து எனக்கு எழுதுங்கள்.