ஒட்டு நகம் வரமாட்டேங்குதா? மலைக் குளிர்ல வீட்டுலயே எப்படி கழட்டறது

கோத்தகிரி பக்கத்துல இருந்து ஒரு பொண்ணு கேட்டிருக்காங்க: "அக்கா, எங்க அண்ணன் கல்யாணத்துக்கு ஆன்லைன்ல ஒட்டு நகம் வாங்கி, டப்பாலயே வந்த பசையை போட்டு ஒட்டிக்கிட்டேன். பன்னெண்டு நாள் ஆச்சு. ரெண்டு தானா விழுந்துருச்சு, ஒண்ணை இழுத்ததுல என் சொந்த நகமும் சேந்து உரிஞ்சு வந்து இப்ப தண்ணி பட்டாலே எரியுது. மீதி ஏழும் கல்லு மாதிரி நிக்குது. நெயில் பாலிஷ் ரிமூவர் ஊத்திப் பாத்தேன், அசையல. நர்சிங் முடிச்சு கோயமுத்தூர்ல இப்பதான் வேலைக்கு சேந்திருக்கேன், திங்கக்கிழமை டியூட்டி, இந்த நகத்தோட வார்டுக்குள்ள விடமாட்டாங்க. வீட்டுலயே எடுக்க முடியுமா?"

முடியும் கண்ணு. ஆனா இனி ஒண்ணைக்கூட இழுக்காதீங்க. இருபது வருஷமா குன்னூர்ல பார்லர் வச்சிருக்கேன், ஒட்டு நகத்தால கெட்டுப்போன விரலை விட ஒட்டு நகத்தை பிச்சு எடுத்ததால கெட்டுப்போன விரலைத்தான் அதிகமா பாத்திருக்கேன். நம்ம நகம் ஒரே பலகை கிடையாது, அரை மில்லிமீட்டர்கூட வராத கனத்துல அடுக்கடுக்கா இருக்கறது, நீங்க இழுத்தா பசை விடறதுக்கு முன்னாடி மேல் அடுக்கு விட்டுருது, கற்பூர மரத்துல, அதான் யூகலிப்டஸ்ல, பட்டை உரிஞ்சு தொங்குமே அதே மாதிரி.

ரிமூவர் ஏன் வேலை செய்யலன்னா, பாட்டிலை திருப்பி எழுத்தை படிங்க, அசிட்டோன் ஃப்ரீன்னு போட்டிருக்க வாய்ப்பு அதிகம். பாலிஷை அழிக்க அது போதும், இந்த பசைகிட்ட அது ஒண்ணும் பண்ணாது. இது ஃபெவிக்விக்கோட தம்பி, சயனோஅக்ரிலேட்னு பேரு. 1942ல அமெரிக்காவுல துப்பாக்கி குறி பாக்கற கண்ணாடிக்கு ப்ளாஸ்டிக் தேடுனப்ப கைக்கு வந்த சாமான், தொட்ட இடமெல்லாம் ஒட்டிக்குதுன்னு அப்ப ஒதுக்கி வச்சுட்டாங்க, 1958லதான் பசையா கடைக்கு வந்துச்சு. காத்துலயும் தோல்லயும் இருக்கற துளி ஈரம் பட்டாலே இறுகிரும். இறுகினதை கரைக்கணும்னா அசிட்டோன்தான், ஆனா அதை ரெண்டாவதா வச்சுக்கலாம், மொதல்ல வெறும் வெந்நீர்.

ஒரு ஸ்டீல் பேசின்ல, குழந்தையை குளிப்பாட்டற சூட்டுல தண்ணி எடுத்து ரெண்டு ஸ்பூன் ஷாம்பு கலந்து ஏழு விரலையும் இருபது நிமிஷம் முக்கி வைங்க. நம்ம ஊர்ல இந்த உறைபனி மாசத்துல பேசின் தண்ணி அஞ்சு நிமிஷத்துல ஆறிப்போயிரும், பக்கத்துல ஃப்ளாஸ்க்ல வெந்நீர் வச்சுக்கிட்டு கையை வெளிய எடுத்துட்டு அப்பப்ப ஊத்திக்கோங்க, இதை செய்யாம ஆறின தண்ணில கையை வச்சுக்கிட்டு உக்காந்துட்டு அப்புறம் வரலைன்னு சொல்றவங்கதான் பாதிப்பேர். அப்புறம் நகக்கண் ஓரமா தேங்காண்ணெய் விட்டு, உறைஞ்சிருந்தா உருக்கிட்டு விடுங்க, ஐஸ்க்ரீம் குச்சியோட முனையை நகம் தேய்க்கற ஃபைல்ல தேச்சு மெலிசாக்கி பக்கவாட்டுல மெல்ல நுழைங்க. மேல நெம்பக்கூடாது, இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு அசைக்கணும். பன்னெண்டு நாள் ஆன பசை பாதி தளர்ந்துதான் இருக்கும், ஏழுல மூணு நாலு இதுலயே வந்துரும். வலிச்சா அங்கயே நிறுத்திட்டு மறுபடி முக்குங்க.

வராம நிக்கறதுக்கு அசிட்டோன். பார்லர் சாமான் விக்கற கடைல தனி அசிட்டோனே கிடைக்கும், இல்லைன்னா அசிட்டோன் கலந்த ரிமூவர். இதை வாங்கறதை விட எங்க உக்காந்து பண்றோம்கறதுதான் பெரிய விஷயம், அதுவும் நம்ம மலை வீட்டுல. குளிருதுன்னு ஜன்னல் எல்லாம் சாத்திட்டு கணப்புக்கு பக்கத்துல ஸ்டூலை போட்டுக்கிட்டு வேலையை ஆரம்பிப்போம். அசிட்டோனோட ஆவி காத்தை விட கனம், மேல போகாம தரையோட தவழ்ந்து போயி எங்க நெருப்பு இருக்கோ அங்க பத்திக்கிட்டு திரும்பி வரும். மைனஸ் 20 டிகிரிலகூட தீப்பிடிக்கற அளவு ஆவி விடும், அதனால ஊட்டி பக்கத்துல தலைகுந்தால பனி உறைஞ்சு கிடக்கற விடியக்காலைலகூட அது பாதுகாப்பான சாமான் இல்ல. கரி அடுப்பு, கணப்பு, ரூம் ஹீட்டர், சாமி விளக்கு, ஊதுபத்தி, விறகு பாய்லர், பாத்ரூம்ல இருக்கற கேஸ் கீசர் எதுவுமே பக்கத்துல வேண்டாம். மத்தியானம் பதினோரு மணிக்கு மேல வாசல்ல வெயில் அடிக்குமே அங்க உக்காருங்க, குளிருக்கும் ஆச்சு, காத்துக்கும் ஆச்சு.

சூடா இருந்தா சீக்கிரம் கரையும்கறது உண்மைதான், அதுக்காக அசிட்டோனை அடுப்புலயோ மைக்ரோவேவ்லயோ வைக்கவே கூடாது, அது 56 டிகிரிலயே கொதிச்சிரும், மலை மேல அதுக்கும் முன்னாடி. பஞ்சு சுத்தி ஃபாயில் போட்டு முடிச்ச கையை, துண்டு சுத்தின ஹாட் வாட்டர் பேக் மேல வச்சுக்கோங்க, அவ்வளவு சூடு போதும்.

மொதல்ல ஒட்டு நகத்தை நெயில் கட்டரால எவ்வளவு கட்டையா வெட்ட முடியுமோ வெட்டுங்க, உங்க சொந்த நகத்தோட முனையோட நிறுத்திக்கோங்க. மேல இருக்கற பளபளப்பை ஃபைல் வச்சு தேச்சு எடுத்துருங்க, இல்லைன்னா உள்ள இறங்காது. விரலை சுத்தி இருக்கற தோல்ல வாஸ்லின் தடிமனா அப்புங்க, அசிட்டோன் தோல்ல இருக்கற எண்ணெய் மொத்தத்தையும் உறிஞ்சிரும், ஏற்கனவே பனில கை வெடிச்சிருக்கற மாசம் இது. நக அளவுக்கு பஞ்சை கிழிச்சு நனைச்சு நகத்து மேல வச்சு, சப்பாத்தி சுத்தற ஃபாயிலை விரலுக்கு தொப்பி மாதிரி மாட்டி அழுத்துங்க. ஒரு தடவைக்கு ஒரு கைதான், இன்னொரு கை ஃப்ரீயா இருக்கணும், ஃபோன் அடிக்கும், குக்கர் விசில் அடிக்கும், எதுவுமே இல்லைன்னா மூக்கு அரிக்கும்.

பதினஞ்சுல இருந்து இருபது நிமிஷம் கழிச்சு ஒரு விரலை மட்டும் திறந்து பாருங்க. ப்ளாஸ்டிக் மென்னு துப்புன பபிள்கம் மாதிரி குழகுழன்னு ஆயிருக்கும், குச்சியால நகக்கண்ல இருந்து முனையை பாத்து தள்ளுனா வழிச்சுக்கிட்டு வரும். வரலைன்னா புது பஞ்சு, இன்னொரு பத்து நிமிஷம். கொஞ்சம் பசை மிச்சம் ஒட்டிக்கிட்டு இருந்தா இருக்கட்டும், அதை சொரண்டி எடுக்கற வெறிலதான் நல்லா வந்த நகத்தையும் கெடுத்துக்கறாங்க, நாலு நாள்ல கை கழுவக் கழுவ அதுவே போயிரும்.

அசிட்டோனை ஊத்தி வைக்க சில்வர் கிண்ணம் இல்லைன்னா கண்ணாடி. ப்ளாஸ்டிக் கப்பு வேண்டாம், சிலது அப்படியே கரைஞ்சு மேஜையெல்லாம் ஓடும், எப்படியும் நீலகிரில அந்த கப்புக்கு தடை இருக்கு, ஆனா கல்யாண வீட்டுல எப்படியோ ரெண்டு மிஞ்சித்தான் கிடக்கும். வார்னிஷ் அடிச்ச மேஜை, மூக்குக்கண்ணாடி ஃப்ரேம், ஃபோன் கவர், ரேயான் துணி எல்லாம் தள்ளி இருக்கட்டும்.

அந்த உரிஞ்ச விரலுக்கு அசிட்டோன் சொட்டுகூட படக்கூடாது. சோப்பு போட்டு கழுவி, வாஸ்லின் வச்சு, ப்ளாஸ்டர் ஒட்டிட்டு மத்த விரலை பாருங்க. ஆஸ்துமா இருக்கறவங்க, கர்ப்பமா இருக்கறவங்க, சுகர் இருந்து விரல்ல புண்ணும் இருக்கறவங்க அசிட்டோன் பக்கம் போகாம வெந்நீரோடயே ரெண்டு மூணு நாள் பொறுமையா எடுக்கறது நல்லது. பார்லர்ல பவுடர் வச்சோ யூவி லைட்ல காட்டியோ போட்ட எக்ஸ்டென்ஷனா இருந்தா இது வேற கதை, ஹார்ட் ஜெல்னு ஒண்ணு இருக்கு, அது அசிட்டோனுக்கு அசையவே அசையாது, மெஷின்ல தேச்சுத்தான் எடுக்கணும்.

நீலகிரித் தைலம் போட்டா வருமான்னு இதே கேள்விய பத்து பேராவது கேட்டிருப்பாங்க. பாட்டில்ல ஒட்டுன ஸ்டிக்கர் பசைக்கு தைலம் அருமை, இதுக்கு ஆகாது, புண்ணுல பட்டா கண்ணுல தண்ணி வந்துரும். மண்ணெண்ணெய், பெட்ரோல், பெயிண்ட் தின்னர்னு யூடியூப்ல பாத்துட்டு யாராவது ஐடியா குடுத்தா காதுல வாங்காதீங்க.

மிச்சம் இருக்கற பசை டியூப்பை இன்னைக்கே தூக்கிப் போடுங்க. பாக்க கண்ணு மருந்து மாதிரியே இருக்கும், அவசரத்துல கண்ணுல விட்டவங்க இருக்காங்க. அப்படி ஆச்சுன்னா அசிட்டோனை கண்ணுகிட்ட கொண்டே போகாதீங்க, வெதுவெதுப்பான தண்ணில விடாம கழுவிட்டு, இமையை பிரிக்காம கண் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. இன்னொண்ணு, இந்த பசை பஞ்சுலயோ கம்பளி க்ளவுஸ்லயோ கொட்டுனா நெருப்பு மாதிரி சூடாகி புகையே வரும், கையை சுட்டுரும், ஸ்வெட்டர் மேல வச்சுக்கிட்டு ஒட்டற வேலை எப்பவுமே வேண்டாம்.

எல்லாம் எடுத்தப்புறம் நகம் சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளையா வறண்டு தெரியும், பயப்படாதீங்க, ராத்திரி ராத்திரி தேங்காண்ணெய் தேயுங்க, ஒரு மாசத்துக்கு பாலிஷ் வேண்டாம். விரல் நகம் மாசத்துக்கு சுமாரா 3 மில்லிமீட்டர்தான் வளரும், அந்த உரிஞ்ச நகம் முழுசா மாறி வர ஆறு மாசம் ஆயிரும். நடுவுல நகத்துல பச்சையா கறை தெரிஞ்சா அது அழுக்கு இல்ல, ஈரம் உள்ள தங்கி பாக்டீரியா வளந்திருக்கு, மேல பாலிஷ் அடிச்சு மறைக்காம ஸ்கின் டாக்டர்கிட்ட காட்டுங்க. நகச்சுத்தி மாதிரி வீங்கி துடிச்சாலும், விரலை சுத்தியோ கண் இமையிலயோ அரிச்சு தடிச்சாலும் அப்படித்தான், கடைசியா சொன்னது பசையோட அலர்ஜி, ஒரு தடவை வந்தவங்களுக்கு அடுத்த தடவை இன்னும் ஜாஸ்தியா வரும்.

வார்டுல ஏன் விடமாட்டாங்கன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, உலக சுகாதார நிறுவனம் 2009ல போட்ட கை சுத்த வழிமுறைலயே நோயாளியை தொடறவங்க ஒட்டு நகம் போடக்கூடாதுன்னு இருக்கு, அடில கிருமி தங்கும், எவ்வளவு கழுவுனாலும் முழுசா போகாது. டியூட்டி சேந்ததும் அந்த உரிஞ்ச விரலை இன்சார்ஜ் சிஸ்டர்கிட்ட காட்டிருங்க, க்ளவுஸ் போட்டாலும் திறந்த புண்ணு புண்ணுதான்.

நனைச்ச பஞ்சையும் ஃபாயிலையும் கணப்புல போட்றாதீங்க, வெளிய வெயில்ல நல்லா காயவிட்டு அப்புறம் குப்பைல போடுங்க. ஞாயித்துக்கிழமை வரைக்கும் தள்ளாம சனிக்கிழமை மத்தியானமே உக்காருங்க, ஏழுல ஒண்ணாவது முரண்டு பிடிக்கும், அதை மட்டும் விட்டுட்டு ஞாயித்துக்கிழமை காலைல பஸ் ஏறி குன்னூர் வாங்க, பத்து மணிக்கு கடை திறந்திருக்கும்.