ஒட்டுக்கட்டிய நாற்று வாடுவது ஏன்?

கேள்வி: கத்தரி வேர்ச்செடியில் தக்காளியை ஒட்டுக்கட்டுகிறேன். ஒரே நாளில் ஒரே கையால் கட்டியும், நிழலில் வளர்ந்த நாற்றுகள் மூன்றாம் நாளே வாடுகின்றன. வெளிச்சத்தில் வளர்ந்தவை பிழைக்கின்றன. காரணம் என்ன?

பதில்: உங்கள் கைப்பக்குவத்தில் குறையில்லை. நாற்று வளர்ந்த சூழலே இந்த வேறுபாட்டை உண்டாக்குகிறது.

வெட்டிய கணத்திலிருந்து மேல்தண்டுக்கு, அதாவது மேலே ஒட்டும் தக்காளித் தண்டுக்கு, வேர்நீர் ஏறக்குறைய நின்றுபோகிறது. வெட்டுவாயில் காலஸ் என்னும் இளந்திசு பெருகி இரு தண்டுகளும் பற்றிக்கொள்ள 3 அல்லது 4 நாட்களும், அதனூடே புதிய நீர்க்குழாய்கள் இணைய ஏறத்தாழ ஒரு வாரமும் ஆகும். அதுவரை இலை தன் கையிருப்பு நீரைக் கொண்டே தாக்குப்பிடிக்க வேண்டும். நிழலிலும் மிகுந்த ஈரக்காற்றிலும் வளர்ந்த இலையோ அகன்று மெலிந்து, மெழுகுப்பூச்சு குறைந்து இருக்கும். ஈரத்திலேயே விரிந்து பழகிய அதன் இலைத்துளைகள், நீர் குறையும்போதும் விரைவாக மூடிக்கொள்வதில்லை. தண்டில் சேர்ந்துள்ள சர்க்கரையும் குறைவு என்பதால் காலஸ் உருவாவதும் தாமதமாகிறது. செலவு மிகுந்து வரவு பிந்தும் அந்த இடைவெளியில்தான் உங்கள் நாற்றுகள் மடிகின்றன.

ஆகவே, கட்டுவதற்கு முந்தைய 5 முதல் 7 நாட்கள் நிழலைப் படிப்படியாக விலக்கி, தழைச்சத்தைக் குறைத்து, வாடாத அளவுக்கு நீரையும் சற்றே குறைத்து நாற்றைக் கடினப்படுத்துங்கள். ஆனால் கட்டும் நாளில் நாற்று நீர்ச்சத்துடன் இருக்க வேண்டும். முந்தைய மாலையே நீர் விடுங்கள். வாடிய தண்டில் ஒருபோதும் கத்தி வைக்காதீர்கள்.

கட்டிய பின் 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் வெப்பமும், 85 முதல் 95 சதவீத ஈரப்பதமும், முதல் 2 நாட்கள் மங்கலான ஒளியும் போதும். ஈரப்பதமானியை மட்டும் நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள்: அது இரு வெப்பநிலைகளிலும் 60 சதவீதம் என்றே காட்டினாலும், காற்று இலையிடமிருந்து நீரை இழுக்கும் விசை 25 டிகிரியில் சுமார் 1.3 கிலோபாஸ்கலாகவும் (கிலோபாஸ்கல் என்பது அழுத்த அலகு), 35 டிகிரியில் சுமார் 2.2 கிலோபாஸ்கலாகவும் இருக்கும். இருட்டையும் நீட்டிக்க வேண்டாம். ஒளி இல்லாவிட்டால் தண்டு வெளிறி நீளும்; சர்க்கரையும் தீரும். ஒட்டில் நீர்த்துளி தங்கினால் பூஞ்சை பற்றும். ஈரப்பதம் காக்க நாற்றின் மேல் போட்ட மூடியை நான்காம் நாளிலிருந்து சிறிது சிறிதாகத் திறந்து, இலை துவண்டால் உடனே மூடி, மறுநாள் மீண்டும் முயலுங்கள்.

இப்போது கையில் உள்ள நிழல் நாற்றுகளையும் ஒரு வாரம் கடினப்படுத்தி, கட்டும்போது மேல்தண்டின் பெரிய இலைகளைப் பாதியாக நறுக்கிவிட்டுப் பயன்படுத்தலாம்.